லிஸ்டும் அரேயும் ஒன்றல்ல: பைத்தான் தொடங்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பைத்தான் படிக்கத் தொடங்கி ஒரு மாதம் ஆனவரிடம் [1, 2, 3] * 2 என்று எழுதிக் காட்டி விடை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் [2, 4, 6] என்றுதான் சொல்வார். பைத்தான் தருவதோ [1, 2, 3, 1, 2, 3]. அதே மூன்று எண்களை, எண் கணக்குக்கென்றே பைத்தானுக்கு உள்ள நம்பை என்ற தொகுப்பின் அரேயில் போட்டுப் பெருக்கினால்தான் அவர் எதிர்பார்த்த 2, 4, 6 வரும்.

இந்த வேறுபாடுகளை அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டும் கணினியின் நினைவகத்தில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்ற படம் ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், மற்றவை எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். அட்டவணை மறந்துபோகும், படம் மறக்காது.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் படித்தவர்களுக்குக் குழப்பம் கொஞ்சம் கூடுதல். 11ஆம் வகுப்பில் சி++, 12ஆம் வகுப்பில் பைத்தான். சி++ பாடத்தில் 'அணி' என்று படித்த அரேயை மனதில் வைத்துக்கொண்டே பைத்தானின் லிஸ்டைப் பார்க்கிறார்கள். சதுர அடைப்புக்குறி, 0இல் தொடங்கும் எண்ணிக்கை என்று வெளித்தோற்றமும் ஒன்றாகவே இருக்கிறது. உள்ளே அமைப்பு வேறு.

முதல் படி: தயார் செய்துகொள்வோம்

பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். இதைப் பலர் முயன்று பார்ப்பதில்லை. இங்கே வரும் வரிகள் எல்லாம் அப்படி எழுதியவைதான், அப்படியே ஓடும். அதற்கு இரண்டு சின்ன ஏற்பாடுகள் போதும். நிரலின் தலையில் நம்பையிலிருந்து அரேயை இறக்குமதி செய்யும் வரியில், 'ஆஸ்' போட்டு அதற்கு அணி என்று மாற்றுப்பெயர் கொடுங்கள். அடுத்த வரியில் காட்டு என்ற மாறிக்குச் சமக்குறி போட்டு, பிரிண்டின் பெயரை மட்டும் அடைப்புக்குறி இல்லாமல் எழுதுங்கள். இனி காட்டு என்றாலே திரையில் வந்துவிடும்.

சொந்தக் கணினியில் நம்பை இல்லையென்றால், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் வழியாக நிறுவிக்கொள்ளுங்கள். உலாவியிலேயே பைத்தானை ஓட்டிப் பார்க்க உதவும் கூகுள் கோலாபில் அது ஏற்கனவே இருக்கிறது.

இரண்டாம் படி: உள்ளே எப்படி இருக்கிறது

கல்யாண வீட்டில் பத்திரிகை வைக்க ஒரு லிஸ்ட் போடுவோம். அந்த நோட்டில் இருப்பது ஆட்கள் அல்ல, முகவரிகள். முதல் வரியில் இருப்பவர் தாம்பரத்தில், இரண்டாவது ஆள் திருச்சியில், மூன்றாவது ஆள் பக்கத்துத் தெருவில். யார் வேண்டுமானாலும் லிஸ்டில் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் கடைசியில் ஒரு பெயரைச் சேர்க்கலாம். ஆனால் எல்லோரிடமும் பத்திரிகை சேர வேண்டுமென்றால் வீடு வீடாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

பைத்தான் லிஸ்ட் இதேதான். அதற்குள் எண்கள் கிடையாது. எண்கள் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்ற முகவரிகள்தான் வரிசையாக இருக்கின்றன. அதனால்தான் ஒரே லிஸ்டில் ஓர் எண், ஒரு பெயர், இன்னொரு லிஸ்ட் எல்லாம் சேர்ந்து இருக்க முடிகிறது. முகவரி எழுத எல்லோருக்கும் ஒரே அளவு இடம் போதுமே.

நம்பை அரே என்பது முட்டை அட்டை. எல்லாக் குழியும் ஒரே அளவு, எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும், முட்டை மட்டும்தான் உட்காரும். தேங்காயை வைக்க முடியாது. அதற்குப் பதிலாக, முப்பது முட்டையையும் ஒரே தூக்கில் தூக்கிவிடலாம். அரேயில் எண்களே நேரடியாக, ஒரே வகையில், ஒரே அளவில், அடுத்தடுத்து இருக்கின்றன.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இப்போது பரவலாக உள்ள 64 பிட் பைத்தானில் ஒரு முகவரிக்கு 8 பைட். ஒரு தசம எண் தனிப் பொருளாக இருக்க 24 பைட். பத்து லட்சம் தசம எண்களை லிஸ்டில் வைத்தால் முகவரிகளுக்கு 8 எம்பி, எண்களுக்கு 24 எம்பி, மொத்தம் சுமார் 32 எம்பி. அரேயில் ஓர் எண்ணுக்கு வெறும் 8 பைட். அதே பத்து லட்சம் 8 எம்பியில் முடிந்துவிடும்.

மூன்றாம் படி: வீட்டு மின் கணக்கு

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபியிலிருந்து வந்து மீட்டர் பார்ப்பார்கள். மீட்டரில் ஓடும் எண் ஏறிக்கொண்டே போகும். இந்த முறை எவ்வளவு செலவானது என்று தெரிய, இப்போதைய எண்ணிலிருந்து போன தடவை எண்ணைக் கழிக்க வேண்டும். ஆறு முறை குறித்த எண்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்:

அளவு = [4210, 4388, 4630, 4952, 5127, 5214]

இது லிஸ்ட். இரண்டாவதிலிருந்து கடைசி வரை ஒரு துண்டு, முதலிலிருந்து கடைசிக்கு முந்தையது வரை ஒரு துண்டு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விடை கிடைக்க வேண்டும்:

அளவு[1:] - அளவு[:-1]

எரர்தான் வரும். முகவரி நோட்டிலிருந்து முகவரி நோட்டைக் கழிப்பதற்குப் பொருள் ஏது? இப்போது அரேயாக்கிப் பாருங்கள்:

அ = அணி(அளவு)
செலவு = அ[1:] - அ[:-1]
காட்டு(செலவு)

[178 242 322 175  87]

ஐந்து கணக்கும் ஒரே வரியில், ஃபார் லூப் இல்லாமல் வந்துவிட்டது. திரையில் வந்ததையும் கவனியுங்கள். எண்களுக்கு நடுவே காற்புள்ளி இல்லை. லிஸ்டைக் காட்டினால் காற்புள்ளி இருக்கும், அரேயைக் காட்டினால் இருக்காது. கையில் இருப்பது எது என்று குழம்பும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

மற்ற குறிகளும் இப்படித்தான். கூட்டல் குறி லிஸ்டுக்கு ஒட்டும் குறி. [178, 242] + [10, 20] என்பது [178, 242, 10, 20]. அரேக்கு அது உண்மையான கூட்டல், [188 262] வரும். பெருக்கலில் லிஸ்ட் தன்னையே திரும்ப எழுதிக்கொள்ளும். 1.5 ஆல் பெருக்கச் சொன்னால் ஒன்றரைத் தடவை எழுத முடியாமல் எரர் தரும். அரே [267. 363.] என்று தரும். அந்த எண்களின் வாலில் இருக்கும் புள்ளி, முழு எண்ணாக இருந்தது தசமமாக மாறிவிட்டது என்பதற்கு அடையாளம்.

இதில் எரர் வரும் இடங்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எரர் வந்தால் நின்று பார்ப்போம். கவலை எல்லாம் எரர் வராத இடங்களில்தான். லிஸ்டுகளைக் கூட்டினோம் என்று நினைத்து ஒட்டிவிட்டு, நிரல் ஓடுகிறதே என்று நம்பிப் போய்விடுவார்கள்.

நான்காம் படி: நிபந்தனை போட்டுப் பொறுக்குவது

அரே மேல் எனக்குப் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான். எந்தெந்த முறை 200 யூனிட்டுக்கு மேல் போனது?

காட்டு(செலவு[செலவு > 200])

[242 322]

உள்ளே இருக்கும் செலவு > 200 என்பது ஒரே ஒரு ஆம், இல்லை பதிலைத் தருவதில்லை. ஐந்து எண்ணுக்கும் ஐந்து பதில் கொண்ட இன்னொரு அரேயைத் தருகிறது. அதைச் சல்லடை மாதிரி வைத்து 'ஆம்' உள்ளவற்றை மட்டும் எடுக்கிறோம். லிஸ்டை 200உடன் ஒப்பிட்டால் எரர்தான்.

இன்னொன்று. வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்துக்கு வரும் யூனிட் மட்டும் வேண்டும் என்றால்:

கட்டணம் = செலவு - 100
கட்டணம்[கட்டணம் < 0] = 0
காட்டு(கட்டணம்)

[ 78 142 222  75   0]

கடைசித் தடவை செலவானது 87தான். கழித்தால் -13 வரும், அதை இரண்டாவது வரி 0 ஆக்கிவிட்டது.

இதே பழக்கத்தில் இஃப் செலவு > 200 என்று எழுதிவிடுவார்கள். நம்பை நிறுத்திவிடும். ஐந்து பதில் இருக்கும்போது இஃப் எதை எடுத்துக்கொள்ளும்? ஒன்றாவது 200ஐத் தாண்டினால் போதுமா, எல்லாமே தாண்ட வேண்டுமா என்று நாம்தான் சொல்ல வேண்டும். முதலாவதுக்கு எனி, இரண்டாவதுக்கு ஆல் என்ற மெதட்கள் (அரேயின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து அழைக்கும் செயற்கூறுகள்) இருக்கின்றன.

ஐந்தாம் படி: ஒரே வகை என்ற விதி

மீட்டர் பார்க்க வந்தபோது வீடு பூட்டியிருந்தால் அதையும் குறித்து வைப்போம் அல்லவா? லிஸ்டில் தாராளமாக வைக்கலாம்:

குறிப்பு = [178, 'பூட்டு', 242]

இதையே அரேயாக்கினால் எரர் வராது. ஆனால் காட்டச் சொன்னால் இப்படி வரும்:

['178' 'பூட்டு' '242']

எல்லா எண்ணுக்கும் மேற்கோள் குறி வந்துவிட்டது. முட்டை அட்டையில் ஒரே வகைதான் உட்கார முடியும் என்பதால் நம்பை எண்களையும் எழுத்தாக்கிவிட்டது. இனிமேல் இவற்றைக் கூட்டிக் கணக்குப் பார்க்க முடியாது. விடுபட்ட எண்ணுக்கு நம்பையில் என்ஏஎன் என்ற அடையாளம் இருக்கிறது, அதைப் போடுங்கள். அது தசம வகையைச் சேர்ந்தது என்பதால் அரே முழுக்கத் தசமமாகிவிடும். ஒரே ஒரு என்ஏஎன் இருந்தாலும் சாதாரணக் கூட்டுத்தொகை என்ஏஎன் என்றே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது ஒன்று உண்டு. முழு எண் அரேயில் ஓர் இடத்தில் தசம எண்ணை எழுதினால்:

செலவு[0] = 178.9
காட்டு(செலவு)

[178 242 322 175  87]

0.9 காணாமல் போய்விட்டது. எச்சரிக்கைகூட இல்லை. முழு எண்ணுக்கான குழியில் தசமம் உட்காராது, அதனால் வெட்டிவிட்டு வைக்கிறது. தசமம் வரப்போகிறது என்று தெரிந்தால் அரேயைக் கட்டும்போதே ஏதாவது ஓர் எண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்துவிடுங்கள், அல்லது டிடைப் என்று வகையை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

குழியின் அளவும் ஒரு வரம்புதான். பைத்தானின் சாதாரண முழு எண் எவ்வளவு பெரிதாகவும் வளரும். அரேயில் அப்படி இல்லை. புகைப்படங்களில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் பெரும்பாலும் 8 பிட் எண்ணாக, 0 முதல் 255 வரைதான் இருக்கும். வெளிச்சத்தைக் கூட்ட 200உடன் 100ஐச் சேர்த்தால் 300க்குப் பதில் 44 வரும். 255ஐத் தாண்டியதும் வண்டி ஓடிய கிலோமீட்டர் எண் சுற்றி வருவதுபோல 0இலிருந்து மறுபடி தொடங்கிவிடுகிறது. பளிச்சென்று ஆக வேண்டிய இடம் கறுப்பாகிவிடும். 64 பிட் முழு எண்ணுக்கு இடம் மிகப் பெரிதுதான், ஆனாலும் 20இன் காரணிப்பெருக்கம் (1 முதல் 20 வரை எல்லா எண்களையும் பெருக்கி வருவது) வரைதான் அதில் கொள்ளும். 21க்கு வந்தால் விடை தவறிவிடும்.

ஆறாம் படி: துண்டு எடுப்பதில் உள்ள பொறி

முன்பு ஒரு வேலையில் ஒரு வருடத்து அளவீடுகளை அரேயில் வைத்திருந்தேன். சோதித்துப் பார்ப்பதற்காக முதல் சில எண்களைத் துண்டாக எடுத்து, அதில் மட்டும் இஷ்டத்துக்கு மாற்றினேன். கடைசியில் வருடக் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. கூட்டும் வரியை அரை நாள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். தவறு அங்கே இல்லை:

முன் = செலவு[:2]
முன்[0] = 0
காட்டு(செலவு)

[  0 242 322 175  87]

துண்டில்தான் கை வைத்தோம். மூல அரே மாறிவிட்டது.

லிஸ்டில் இப்படி நடக்காது. லிஸ்டிலிருந்து துண்டு எடுத்தால் அந்த முகவரிகளை எழுதிய புது நோட்டு ஒன்று கிடைக்கிறது. அதில் ஒரு முகவரியை அடித்துத் திருத்தினால் பழைய நோட்டுக்கு ஒன்றும் ஆகாது. அரேயின் துண்டு புது அட்டை அல்ல, அதே அட்டையின் ஒரு பகுதியை ஜன்னல் வழியாகப் பார்ப்பது. கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்தால் நினைவகம் தாங்காது என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நகல்தான் வேண்டும் என்றால் துண்டின் வாலில் காப்பி மெதடைச் சேர்த்து எழுத வேண்டும். நிபந்தனை போட்டுச் சல்லடையில் எடுத்தது, அதாவது செலவு[செலவு > 200] மாதிரி எடுத்தது, எப்போதும் நகல்தான்; அதை வேறு பெயரில் வைத்து மாற்றினால் மூலத்துக்குப் பாதிப்பில்லை. நான்காம் படியில் கட்டணத்துக்குச் செய்ததுபோல் சல்லடையையே சமக்குறிக்கு இடப்பக்கம் எழுதினால் மட்டும் மூலம் மாறும்.

சரி, செலவு அரேயை மறுபடி கணக்கிட்டு வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவோம்.

ஏழாம் படி: வரிசையும் நெடுவரிசையும்

கீழ்வீடு, மாடிவீடு இரண்டுக்கும் தனித்தனி மீட்டர்:

வீடு = [[178, 242, 322], [90, 110, 135]]
தளம் = அணி(வீடு)

லிஸ்டில் வீடு[0][1] என்று எழுத வேண்டியதை அரேயில் தளம்[0, 1] என்று எழுதலாம். இரண்டாவது தடவை இரண்டு வீட்டுக்கும் என்ன வந்தது என்பதற்கு தளம்[:, 1] போதும், [242 110] கிடைக்கும். அதே நினைப்பில் லிஸ்டில் வீடு[:][1] என்று எழுதினால் எரர் இல்லாமல் [90, 110, 135] வரும். அது நெடுவரிசை அல்ல, மாடிவீட்டின் முழு வரிசை. முதல் அடைப்புக்குறி நோட்டை நகல் எடுத்தது, இரண்டாவது அதன் இரண்டாம் வரியைத் தந்தது. அவ்வளவுதான்.

லிஸ்டுகளால் காலி அட்டவணை கட்டும்போதும் முகவரி நோட்டு என்ற படம் கைகொடுக்கும்:

காலி = [[0] * 3] * 2
காலி[0][0] = 7
காட்டு(காலி)

[[7, 0, 0], [7, 0, 0]]

ஒரே இடத்தை மாற்றினோம், இரண்டு வரிசையும் மாறியது. ஏனென்றால் இங்கே இரண்டு வரிசைகளே இல்லை. ஒரே வீட்டின் முகவரியை இரண்டு தடவை எழுதியிருக்கிறோம். அரேயாகக் கட்டியிருந்தால் இந்தச் சிக்கல் வராது, அதில் ஒவ்வொரு குழியும் தனி.

வரிசைகளின் நீளம் வேறுவேறாக இருந்தால் லிஸ்ட் கவலைப்படாது. நம்பை 1.24 பதிப்பிலிருந்து எரர் தந்து நிறுத்திவிடுகிறது, அதுவே நல்லது.

எட்டாம் படி: வேகம் எங்கிருந்து வருகிறது

1995இல் ஜிம் ஹ்யூகுனின் நியூமெரிக் என்ற தொகுப்பை எழுதினார். அப்புறம் நம்அரே என்று இன்னொன்று வந்தது. இரண்டாகப் பிரிந்து கிடந்ததை டிராவிஸ் ஒலிபான்ட் ஒன்றாக்கி, 2006இல் நம்பை 1.0 வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: சுற்றிச் சுற்றி வரும் லூப்பைப் பைத்தானிலிருந்து எடுத்து சி மொழிக்குக் கொடுத்துவிடுவது.

லிஸ்டை லூப் போட்டுக் கூட்டும்போது ஒவ்வோர் எண்ணுக்கும் முகவரியைப் பார்த்து, அங்கே போய், அது என்ன வகை என்று விசாரித்து, பிறகே கூட்ட வேண்டும். அரேயில் வகை ஒருமுறை தெரிந்தால் போதும், அடுத்தடுத்து இருக்கும் எண்களைக் கடகடவென்று கூட்டிக்கொண்டே போகலாம்.

இதிலிருந்து வருகிற ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. அரேயில் போட்டுவிட்டு, அதை ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்தால் லிஸ்டைவிட மெதுவாகத்தான் ஓடும். குழியில் இருக்கும் வெறும் எண்ணை ஒவ்வொரு முறையும் பைத்தான் பொருளாகப் பொட்டலம் கட்டித் தர வேண்டியிருக்கிறதே. பைத்தானின் சொந்த சம் செயற்கூறை அரே மேல் ஓடவிட்டாலும் இதே கதைதான். அரேயின் சொந்த சம் மெதடைப் பயன்படுத்துங்கள். பத்து எண் இருபது எண்ணுக்கு அரே கட்டுவதிலும் வேக லாபம் இல்லை, கட்டும் செலவே கூடிவிடும்.

ஒவ்வோர் எண்ணாக வந்து சேரும் வேலைக்கு லிஸ்ட்தான் சரி. லிஸ்டின் அப்பெண்ட் கடைசியில் ஒரு முகவரியை எழுதிவிட்டுப் போகும், அதற்காகக் கொஞ்சம் காலி இடத்தை முன்கூட்டியே வைத்திருக்கும். நம்பையின் அப்பெண்ட் ஒவ்வொரு முறையும் புது அட்டை வாங்கி எல்லா முட்டையையும் அதற்கு மாற்றுகிறது. லூப்புக்குள் அதை எழுதியிருந்தால் தயவுசெய்து இன்றே மாற்றிவிடுங்கள். லிஸ்டில் சேர்த்துக்கொண்டே வந்து, எல்லாம் முடிந்ததும் ஒரே தடவை அணி(...) என்று மாற்றுங்கள். திரும்ப லிஸ்டாக வேண்டுமானால் டுலிஸ்ட் மெதட் இருக்கிறது.

நடுவில் ஒரு சின்ன எச்சரிக்கை. பைத்தானோடு கூடவே அரே என்ற பெயரில் இன்னொரு மாட்யூல் வருகிறது. அதுவும் ஒரே வகை எண்களை அடுத்தடுத்து வைக்கும், ஆனால் கூட்டல் குறி போட்டால் லிஸ்ட் மாதிரி ஒட்டும். கணக்கு செய்ய வேண்டுமென்றால் இறக்குமதி வரியில் நம்பையின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் படி: உங்கள் வீட்டு எண்களோடு

வீட்டில் இருக்கும் ஈபி அட்டையையோ பழைய ரசீதுகளையோ எடுங்கள். தேதி, மீட்டர் எண், வீடு பூட்டியிருந்தது போன்ற குறிப்பு என மூன்று லிஸ்டுகளாக எழுதுங்கள். தேதியும் குறிப்பும் லிஸ்டாகவே இருக்கட்டும். மீட்டர் எண்களை மட்டும் அரேயாக்கி, மேலே செய்ததுபோல் செலவைக் கண்டுபிடியுங்கள். பிறகு இந்த வரியையும் ஓட்டிப் பாருங்கள்:

காட்டு(செலவு[செலவு < 0])

வெறும் [] வந்தால் எல்லாம் சரி. ஏதாவது ஓர் எண் வந்தால், ஒன்று எழுதும்போது எண் மாறியிருக்கும், இல்லையென்றால் அந்த இரண்டு மாதத்துக்குள் பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டியிருப்பார்கள். குறிப்பு லிஸ்டில் அதே இடத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள்.